தண்ணீருக்குப் பக்கத்தில் தங்க: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணு,

மீன் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, தங்கும் இடம்தான் கையைக் கடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மீன்பிடிக்கப் போவது நியூசிலாந்தா, நார்வேயா, அலாஸ்காவா என்று நீங்கள் நாலு பேரும் இன்னும் முடிவெடுக்காமல் இருப்பதும் நல்லதற்குத்தான். எங்கே தங்கக் கட்டுப்படியாகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் நாட்டை முடிவு பண்ணலாம். அப்பாவும் நானும் இப்படிப் போய்வந்த காலத்தில், எந்தத் தண்ணீரில் என்ன மீன் என்பது அவர் பொறுப்பு, ராத்திரி எங்கே தலை சாய்ப்பது என்பது என் பொறுப்பு. இந்த விஷயத்தை என்னிடம் கேட்டாயே, அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஓர் இரவுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும் தொகையை மட்டும் வைத்து மலிவா இல்லையா என்று முடிவு கட்டாதே. மீன் நன்றாகக் கடிக்கிற நேரம் பெரும்பாலும் விடிகாலையும் அந்தியும்தான். தண்ணீரிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளித் தங்கினால் அந்த இரண்டு வேளையும் சாலையிலேயே போய்விடும். பெட்ரோல் செலவு தனி. ஏரிக்கரை விடுதி என்று படம் போட்டிருந்த ஓரிடத்துக்கு ஒருமுறை போனோம். ஜன்னலில் ஏரி தெரிந்தது உண்மைதான். ஆனால் கீழே செங்குத்துப் பாறை. படகு இறக்கும் துறைக்கு ஏரியைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. விடுதிக்காரர் அதைப் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் வரைபடத்தில் முதலில் படகுத்துறையையும் கரைக்கு இறங்கும் பாதையையும் குறித்துக்கொண்டு, அவற்றைச் சுற்றித்தான் தங்குமிடம் தேடுவேன். நீயும் அப்படியே செய்.

அலாஸ்காவில் டாங்கஸ் தேசிய வனத்துக்குள் அமெரிக்க வனத்துறை வாடகைக்கு விடும் கேபின்கள், அதாவது சின்ன மரவீடுகள், நூற்றுக்கு மேல் இருக்கின்றன. வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, கேபினுக்கு இவ்வளவு என்றுதான். நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு வருவது சொற்பம். அடுப்பும் மெத்தையில்லாத பலகைக் கட்டிலும் இருக்கும், மற்றதெல்லாம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் அவற்றில் பலவற்றுக்குச் சாலையே கிடையாது, படகிலோ, தண்ணீரில் இறங்கும் மிதவை விமானத்திலோதான் போக முடியும். அந்த விமானக் கட்டணத்தைக் கேட்டால்தான் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது புரியும். எடை வரம்பும் உண்டு, சாமான் கூடினால் இன்னொரு நடை அடிக்க வேண்டியிருக்கும். அதே வனத்தில் சாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய கேபின்களும் இருக்கின்றன, முதலில் அவற்றைப் பார். பல மாதம் முன்பே முன்பதிவு தொடங்கிவிடும், கடலிலிருந்து ஆற்றுக்கு மீன் ஏறும் மாதங்களுக்கு உடனே தீர்ந்துவிடும். தொடங்கும் நாளைக் குறித்து வைத்துக்கொள்.

கனடாவில் ஒன்டாரியோவின் வடக்குப் பக்கத்தில் விமானம், கேபின், படகு, மோட்டார் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் அதுவே குறைவாக வரும். விமானத்தில் போகும் எந்த இடமானாலும், வானிலை கெட்டால் குறித்த நாளில் கூட்டிப்போக வர மாட்டார்கள். கூடுதலாக ஓரிரு நாளுக்குச் சாப்பாடு கையில் இருக்கட்டும். திரும்பும் விமானத்தை நெருக்கிப் போடாதே, டிக்கெட்டை மாற்றுகிற செலவு மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு ஏற்றது மலைக்குடில்கள்தான். நியூசிலாந்தில் இயற்கைப் பாதுகாப்புத் துறை 950க்கும் மேற்பட்ட குடில்களைப் பராமரிக்கிறது. நல்ல ட்ரௌட் மீன் இருக்கும் ஆறுகளை ஒட்டியே நிறையக் குடில்கள் இருக்கின்றன. ஒரு பாஸ் வாங்கிக்கொண்டால் பெரும்பாலான சாதாரணக் குடில்களில் தங்கிக்கொள்ளலாம். பெயர்பெற்ற நடைப்பயணப் பாதைகளில் இருப்பவற்றுக்கு மட்டும் தனியாக முன்பதிவும் கூடுதல் கட்டணமும் உண்டு, உங்களுக்கு அவை தேவையில்லை. நார்வேயில் 1868இல் தொடங்கிய நடைப்பயணச் சங்கம் ஒன்று இருக்கிறது, டிஎன்டி என்பார்கள். உறுப்பினரானால் ஒரே சாவி தருவார்கள், பணியாள் இல்லாத குடில்களில் பெரும்பாலானவை அந்த ஒரு சாவிக்கே திறக்கும். விறகு, எரிவாயு, பாத்திரம் எல்லாம் உள்ளே இருக்கும். சிலவற்றில் சமையல் பொருளும் அடுக்கி வைத்திருப்பார்கள், எடுத்ததை நீங்களே எழுதிப் பணம் கட்ட வேண்டும். ஸ்காட்லாந்தில் இன்னும் எளிமை. 1965இல் தொடங்கிய தன்னார்வச் சங்கம் ஒன்று சுமார் நூறு பழைய கல்வீடுகளைச் சீர்செய்து வைத்திருக்கிறது. பாத்தி என்பது அவற்றின் பெயர். கட்டணமே இல்லை. குழாய்த் தண்ணீர், மின்சாரம், முன்பதிவு எதுவும் இல்லை.

முன்பதிவு இல்லாத குடிலை நம்பிப் போகும்போது கூடாரம் ஒன்று கட்டாயம் கையோடு இருக்க வேண்டும். மழையில் நனைந்து போய்ச் சேரும்போது படுக்கும் பலகைகளெல்லாம் நிரம்பியிருக்கலாம். நார்வேயில் வேலியில்லாத காட்டு நிலத்தில் கூடாரம் போட 1957ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளிப் போட வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் இருக்க அனுமதி கேட்க வேண்டும். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை, அந்தந்த இடத்து விதியைப் பார்த்துக்கொள்.

குடிலுக்குள் நுழைந்ததும் அங்கே இருக்கும் பதிவேட்டை எடுத்துப் பார். எனக்கு அதைப் படிப்பதில் அலாதிப் பிரியம். ஈரக்கையால் புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் உப்பியிருக்கும், பேனா நூலில் கட்டித் தொங்கும். வந்தவர்கள் பெயர், தேதி, அடுத்து எங்கே போகிறார்கள் என்பதற்குப் பக்கத்தில், எந்த மடுவில் மீன் எழும்பியது, எந்தக் கிளையோடை கலங்கி ஓடியது, பூச்சிபோலச் செய்த எந்த ஈத்தூண்டில் எடுபட்டது என்றெல்லாம் பொடி எழுத்தில் குறித்திருப்பார்கள். போன வாரம் வந்தவர் எழுதியது, காசு கொடுத்து அமர்த்தும் வழிகாட்டி சொல்வதற்குக் குறையாது. நீங்களும் எழுதி வையுங்கள். யாராவது காணாமல் போனால் தேடி வருகிறவர்கள் முதலில் புரட்டுவதும் அந்தப் பதிவேட்டைத்தான்.

இதில் ஒன்றை நன்றாக மனதில் வை. தங்க உரிமை இருக்கிறது என்றால் தூண்டில் போடவும் உரிமை இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் யாரும் நடக்கலாம், கூடாரம் போடலாம் என்கிறது, மீன்பிடிப்பதை அதில் சேர்க்கவில்லை. ஸ்வீடனிலும் அப்படித்தான். கடலோரத்திலும் ஐந்து பெரிய ஏரிகளிலும் கைத்தூண்டில் போடலாம், மற்ற இடங்களில் அந்த நீருக்கான அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். நார்வேயில் கடல்மீன் பிடித்துக் கொஞ்சம் ஊருக்கு எடுத்துவர ஆசைப்பட்டால், எங்கே தங்குகிறீர்கள் என்பதே கணக்கில் வரும். அரசிடம் பதிவு செய்த சுற்றுலா மீன்பிடி நிலையத்தின் மூலம் பிடித்திருந்தால்தான், அதற்கான சான்றோடு, குறிப்பிட்ட கிலோ வரைக்கும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகலாம். வாடகை குறைவு என்று பதிவில்லாத வீட்டைப் பிடித்தால் பிடித்த மீனை அங்கேயே சாப்பிட்டு முடிக்க வேண்டியதுதான்.

குடில் இல்லாத பக்கம் என்றால் போனை எடுத்துப் பேசு. கடைசிச் சாலை முடிகிற ஊர்களில் இருக்கும் அறைகளில் பாதி எந்த இணையதளத்திலும் வராது. இரை விற்கிற கடை, படகுத்துறை அலுவலகம், பெட்ரோல் பங்க், அஞ்சலகம், இங்கெல்லாம் கேட்டால் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை வைத்திருப்பவரையோ, வேட்டைப் பருவத்துக்கு மட்டும் திறக்கும் கேபின் வைத்திருப்பவரையோ கைகாட்டுவார்கள். நாங்கள் தங்கிய நல்ல இடங்களில் பல அப்படி வாய்மொழியாகக் கிடைத்தவைதான். வாரநாளில் போனால், மூன்று நாளுக்கு மேல் இருந்தால் குறைப்பீர்களா என்று கேட்க வெட்கப்படாதே. முன்பணம் கேட்டால் ரத்து செய்தால் திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்.

பேசும்போது அறை எப்படி இருக்கும் என்று கேட்பதைவிட, மீன்பிடிக்கிறவருக்குத் தேவையானதைக் கேள். ஃப்ரீசர் இருக்கிறதா, அதில் எங்களுக்கு இடம் உண்டா? மீன் அறுத்துக் கழுவ வெளியே மேடையும் தண்ணீரும் இருக்கின்றனவா? அறைக்குள் அறுக்க விட மாட்டார்கள், விட்டாலும் நாற்றம் போகாது. சமைக்கலாமா? படகின் பேட்டரியை இரவில் சார்ஜ் போட வெளியே பிளக் உண்டா? நள்ளிரவில் வந்து சேர்ந்தால் சாவி எங்கே இருக்கும்?

எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஈரத்தைக் காயவைக்க இடம் இருக்கிறதா என்று கேள். ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகா உடுப்பு உள்பக்கம் ஈரமாகவே இருந்தால் மறுநாள் காலையில் காலை உள்ளே விடவே மனம் வராது. ஓரிடத்தில் அடுப்புக்கு மேலே உத்தரத்தில் வரிசையாக ஆணி அடித்து, உடுப்புகளைத் தலைகீழாகத் தொங்கவிடக் கயிறும் கட்டி வைத்திருந்தார் வீட்டுக்காரர். காலணிக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு. படுக்கை கொஞ்சம் குழிதான், ஆனாலும் அப்பா அந்த வீட்டைத் தவிர வேறெங்கும் தங்க மாட்டேன் என்றுவிட்டார்.

காயவைப்பது ஓர் ஆற்றின் பாசியும் நோயும் இன்னோர் ஆற்றுக்குப் பரவாமல் இருக்கவும்தான். டிடிமோ என்ற பாசி 2004இல் நியூசிலாந்து ஆறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சொட்டுத் தண்ணீரிலேயே அடுத்த ஆற்றுக்குப் போய்விடக்கூடியது. அங்கே ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஃபெல்ட் துணி அடி வைத்த காலணியோடு ஆற்றில் இறங்கி மீன்பிடிக்கத் தடை உண்டு. நார்வேயில் சால்மன் குஞ்சுகளைக் கொல்லும் ஒட்டுண்ணி பரவாமல் இருக்க வேற்று ஆற்றிலிருந்து வந்தவர்கள் சாமான்களைக் கிருமிநீக்கம் செய்யச் சொல்வார்கள். தங்குமிடத்துக்குப் பக்கத்தில் அந்த வசதி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்.

இனி அம்மாவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. விறகடுப்போ எரிவாயு அடுப்போ இருக்கும் குடிலில் ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். கரியடுப்பை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்ன அலாரம் ஒன்று பையில் போட்டுக்கொள், அது பெரிய செலவில்லை. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிந்து ஓடினாலும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டுத்தான் குடிக்க வேண்டும், 2,000 மீட்டருக்கு மேல் போனால் மூன்று நிமிடம். செல்போன் எடுக்காத இடமென்றால் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். அறை கொடுப்பவர் யார், உள்ளே தாழ்ப்பாள் ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் விசாரி. தயக்கமாகப் பட்டால் கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை, அங்கே தங்காதே. உங்கள் வாடகைக்குக் குறைகிற பணத்தை நான் போட்டுக் கொடுக்கிறேன்.

இரண்டு மூன்று இடமாகச் சுருக்கியதும் பட்டியலை எனக்கு அனுப்பு, நானும் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறேன். எந்த மாதம் போகிறீர்கள் என்பதையும் எழுது. அப்பா தன் பழைய ரீல் ஒன்றைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். தபாலில் அனுப்பட்டுமா, நீ வந்து வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா