மல்லாட்டைச் சட்னி மாற்றுச் சரக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோசைக்கும் அடைக்கும் ஊருக்கு ஊர் என்ன தொட்டுக்கொள்கிறார்கள் என்று சென்ற இதழில் ஆறு பக்கம் போட்டிருந்தீர்கள். மதுரை இருந்தது, நெல்லை இருந்தது, செட்டிநாட்டுக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. வட மாவட்டங்களுக்கு மட்டும் மொத்தமே நான்கு வரி. அதிலும் ஒரு வரி, தேங்காய் வாங்க வசதியில்லாத இடங்களில் வேர்க்கடலையை அரைத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள் என்று சொன்னது. அந்த வரிக்குப் பிறகு எனக்கு மற்ற பக்கங்கள் ஓடவில்லை.

நான் பிறந்தது திண்டிவனம் பக்கத்துக் கிராமம். வாக்கப்பட்டது நாகர்கோவிலில். கடலை விளைகிற மண்ணிலிருந்து தென்னந்தோப்புக்கு வந்தவள் என்பதால் இந்த வழக்கில் எனக்குப் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் யாரும் வேர்க்கடலை என்று சொல்ல மாட்டார்கள். மல்லாட்டை. மணிலாக்கொட்டை மல்லாக்கொட்டையாகி, கடைசியில் மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பிலிப்பைன்ஸின் மணிலா பெயரை ஒட்டிக்கொண்டு எங்கள் செம்மண்ணுக்கு வந்து சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மல்லாட்டை பாண்டிச்சேரித் துறையில் கப்பலேறி பிரான்ஸின் மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே அதை எண்ணெயாக ஆட்டிச் சோப்பு வரைக்கும் செய்தார்கள். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. டிஎம்வி 2, டிஎம்வி 7 என்று விதைக்கடலைக்குப் பெயர் சொல்கிறார்களே, அந்த 'டிஎம்வி' திண்டிவனம்தான். இப்படிப்பட்ட இடத்தில் கடலையை அரைப்பதற்குப் பெயர் 'சமாளிப்பு' என்றால் எப்படி?

எங்கள் வீட்டில் தேங்காய் அபூர்வம் என்பது உண்மைதான், மறைக்கவில்லை. சாமிக்கு உடைத்தால்தான் மூடித் தேங்காய் அடுப்படிக்கு வரும். அதற்காகக் கடலை அதன் இடத்தில் வந்து உட்கார்ந்த இரண்டாம் தரம் என்று ஆகிவிடாது. நாகர்கோவிலில் கடலை விளையாததால்தான் இங்கே தேங்காயை அரைத்துச் சமாளிக்கிறார்கள் என்று யாராவது எழுதுவார்களா? மிளகாயும் தக்காளியும்கூட அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். காரச் சட்னியை மிளகுக்கு மாற்று என்று உங்கள் கட்டுரை சொல்லவில்லையே.

இன்னொன்று. ஓட்டலில் தேங்காய்ச் சட்னி என்று ஊற்றுகிறார்களே, அதில் பாதிக்கு மேல் பொட்டுக்கடலை. தேங்காய் விலை ஏறியபோது முக்கால்வாசி. உங்கள் கட்டுரைக்கு அது தேங்காய்ச் சட்னி, நாங்கள் அரைப்பது மட்டும் சமாளிப்பு!

எங்கள் சட்னி எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மல்லாட்டையை இரும்புச் சட்டியில் நிதானமாக வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் மேலே கருகும், உள்ளே பச்சை வாசனை நிற்கும். ஆறியதும் கையால் தேய்த்து, முறத்தில் போட்டுப் புடைத்தால் தோல் பறந்துவிடும். வறுத்த மிளகாய், புளி, பூண்டு, உப்பு. அம்மியில் கெட்டியாக அரைப்பாள் அம்மா; கடைசியில் கடுகு, கறிவேப்பிலை தாளிப்பு. இதைத் தொட்டுக்கொள்ள மெல்லிய முறுகல் தோசை ஆகாது, உடைந்து போகும். கல்லில் தடிமனாக ஊற்றி, மூடி வைத்து வேகவிட்ட தோசைதான் தாங்கும். அதைவிடப் பொருத்தம் முருங்கைக்கீரை போட்டுத் தட்டிய கேவுரு அடை. கேவுரு என்றால் கேழ்வரகு, தெற்கே கேப்பை என்பார்கள். அந்த அடையின் லேசான கசப்புக்கும் கடலையின் கொழுப்புக்கும் அப்படி ஒரு ஒட்டுதல்.

கெட்டியாக அரைப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. மல்லாட்டை பிடுங்கும் நாளில் பெண்கள் விடியலிலேயே கழனிக்குப் போய்விடுவார்கள். செடியிலிருந்து காயை ஆய்ந்து போட்டால் கூலியை மல்லாட்டையாகவே அளந்து கொடுப்பதும் உண்டு. அவர்கள் தூக்குவாளியில் அடையும் சட்னியும் போகும். தேங்காய்ச் சட்னி அந்த வெயிலில் பத்து மணிக்கே ஊசிவிடும். புளி சேர்த்துக் கெட்டியாக அரைத்த கடலைச் சட்னி மத்தியானம் வரை தாங்கும். ரயில் பயணத்துக்கு இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் எப்படியோ, எங்கள் கழனிக்கு இது அப்படி.

கல்யாணமாகி வந்த புதிதில், ஊரிலிருந்து கொண்டுவந்த மல்லாட்டையில் சட்னி அரைத்து மாமியாருக்கு வைத்தேன். ஒரு விள்ளல் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மக்களே, நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல தேங்கா எங்க?" என்று கேட்டார். "இதுல தேங்கா கிடையாது அத்தை" என்றேன். "பின்ன இத சட்னின்னு எப்பிடிச் சொல்லுக?" என்றார். நையாண்டி இல்லை, நிஜமாகவே சந்தேகம். இந்த மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. கேரளத்துச் சம்மந்தி, துவையல், சட்னி எல்லாவற்றுக்கும் தேங்காய்தான் உடம்பு.

ஆனால் என் அம்மாவும் சளைத்தவள் இல்லை. முதல் தடவை நாகர்கோவில் வந்தபோது தோசைக்கல்லில் தேங்காய் எண்ணெய் விடுவதைப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயையா தோசைக்கு ஊத்தறாங்க?" என்று கேட்டாள். இரண்டு நாள் இட்லி போதும் என்று சொல்லிவிட்டாள். ஆகவே குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. கல்லில் விடுகிற எண்ணெயும் ஊரின் ருசியில் பாதி. உங்கள் கட்டுரை எண்ணெயைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இந்த ஊர் டீக்கடைகளில் தோசையோடு தட்டில் விழும் ரசவடையையும் விட்டுவிட்டீர்கள்.

அடையைப் பற்றி எழுதியதிலும் ஒரு குறை. அவியல், வெல்லம், வெண்ணெய் என்று வரிசையாகச் சொன்னீர்கள், மூன்றும் அங்கங்கே உண்டு. ஆனால் ஏன் இவை என்று கேட்கவில்லை. அடை மாவிலேயே மிளகாயும் பெருங்காயமும் அரைபட்டுவிடுகிறது. அதற்கு மேல் காரம் வைத்தால் நாக்கு என்ன ஆவது? அதனால்தான் இனிப்பும் கொழுப்பும், காரம் குறைந்த அவியலும். தோசை மாவு புளித்தது, காரமில்லாதது. அது எதை வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். மதுரைப் பக்கம் அழகர்கோயிலில் பெருமாளுக்குப் படைக்கிற தோசையைப் பாருங்கள். தோலோடு கூடிய கறுப்பு உளுந்து, மிளகு, சீரகம் எல்லாம் மாவிலேயே இருக்கும். நெய்யில் கனமாக வெந்து வரும். நான் வாங்கிச் சாப்பிட்டபோது தொட்டுக்க எதையும் தேடவில்லை. திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். அவள் தில்லி சுல்தானின் மகள் என்பது கோயில் கதை, அதனால் அவளுக்குக் கோதுமை ரொட்டி. வாக்கப்பட்ட இடத்தில் பிறந்த வீட்டுச் சாப்பாடு அவளுக்குக் கிடைக்கிறது. எனக்கு அது நாற்பது வருஷமாகப் போராட்டம்!

தோசையின் மேல் எதையாவது பரப்புவது சீஸ் வந்த பிறகு பிறந்த பழக்கம் என்று எழுதியிருந்ததையும் திருத்த வேண்டும். மதுரைக் கறி தோசையை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? கனமான தோசையின் மேல் முட்டையை ஊற்றி, ஆட்டுக்கறி மசாலாவைப் பரப்பித் திருப்பிப் போடுகிறார்கள். பரோட்டாவுக்குள் நான் நுழையவில்லை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவா, செங்கோட்டைப் பக்கத்துப் பரோட்டாவா என்பது தனிச் சண்டை, என் கணவரும் அவர் தம்பியும் பார்த்துக்கொள்வார்கள்.

சைதாப்பேட்டை வடகறியை மெச்சி எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். மிஞ்சிப்போன மசால் வடையைப் பிய்த்துக் குழம்பில் போட்டதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பண்டம் அது. அதைச் 'சாமர்த்தியம்' என்று எழுதிய அதே கை, வயலிலிருந்து புதிதாய் வந்த கடலையைச் 'சமாளிப்பு' என்று எழுதியதுதான் எனக்குப் புரியவில்லை. கும்பகோணம் கடப்பாவுக்கும் ஒரு பத்தி கொடுத்திருந்தீர்கள். அது பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சோம்பும் சேர்ந்த நல்ல பண்டம், மறுக்கவில்லை. அதே இடம் எங்களுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

டொராண்டோவில் இருக்கும் என் மகளுக்குப் பக்கத்து வீடு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர்கள் தோசை மஞ்சளாக இருக்கும். உளுந்தோடு கோதுமை மா, வெந்தயம், மஞ்சள், தாளித்த வெங்காயம் எல்லாம் மாவிலேயே சேரும், கூடச் செத்தல் மிளகாய்ச் சம்பல், அதாவது காய்ந்த மிளகாய்த் துவையல். இவள் பதிலுக்கு மல்லாட்டைச் சட்னி கொடுத்தனுப்புகிறாள். கிண்ணம் காலியாகத் திரும்பி வருகிறதாம். தேங்காய் எங்கே என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் வாசகிகளிடம் அவரவர் வீட்டுப் பக்குவத்தைக் கேட்டு வாங்கினால் நான்கு வரி நான்கு பக்கம் ஆகும்.

கடைசியாக, அந்தக் கட்டுரையின் முதல் பக்கப் படம். தோசைக்குப் பக்கத்தில் இருக்கும் கிண்ணத்துக்குக் கீழே 'தேங்காய்ச் சட்னி' என்று அச்சாகியிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். லேசான பழுப்பு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்திருக்கிறது, ஒட்டிக்கொண்ட செந்தோல் இரண்டு துணுக்கு. "இது ஒன் சட்னில்லா மக்களே" என்றார் அவரே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்