களாவைக் கத்தரிக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

பறவைகள் வரும் தோட்டம் வேண்டுவோர் நம் மண்ணின் களாச்செடியை நடலாம். நன்கு கறுத்த பழத்தின் விதையைச் சதை போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, சில நாட்களுக்குள் விதைத்துவிட வேண்டும். சேமித்து வைத்தால் முளைப்புத்திறன் போய்விடும். நாற்று ஓரடி வளர்ந்ததும் முழு வெயிலில், 6 அடி இடைவெளியில் நடுங்கள். வறட்சியைத் தாங்கும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

களாவை வேலியாக வளர்ப்போர், வேலி ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்று பலர் அடிக்கடி கத்தரிக்கிறார்கள். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். நுனி போனால் மல்லிகை போன்ற அந்த வெண்பூவும் இல்லை, பழமும் இல்லை. காய்ப்பு ஓய்ந்தபின் ஒருமுறை வெட்டினால் போதும். கையுறை அவசியம்: முள் இரண்டிரண்டாக நீட்டி நிற்கும், வெட்டிய இடத்தில் பால் வடியும்.

இலை தின்னும் புழுவுக்குத் தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள். சின்னான் என்னும் கொண்டைக்குருவி தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவது அந்தப் புழுவைத்தான்.

- ஒரு வாசகர்