மணலுக்குள் ஒரு சுறா

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். கவிதா வேலை விஷயமாக டெனெரீஃப் போகிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்தத் தீவின் பெயரைப் பார்த்ததுமே எனக்கு ஏஞ்சல் சுறா நினைவுக்கு வந்துவிட்டது. கொஞ்ச நாளாக அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும், மாட்டிக்கொண்டாய்.

சுறா என்றதும் மனதில் வரும் உருவத்தை விட்டுவிடு. இது தட்டையானது, பார்த்தால் திருக்கை என்றே சொல்வாய். ஆனால் மார்புத் துடுப்புகள் தலையோடு ஒட்டாமல் தனியாக விரிந்திருக்கும். வாயும் அடியில் இல்லை, முகத்தின் முனையில். பெண் சுறா இரண்டு மீட்டருக்கு மேல் வளரும். அவ்வளவு பெரிய உடம்பு பகலெல்லாம் மணலைப் போர்த்திக்கொண்டு அசையாமல் கிடக்கும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் துளைகள் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்வதால், மூச்சுக்காக நீந்த வேண்டியதில்லை. மீன் ஏதாவது தலைக்கு மேலே வந்தால் போதும், மணல் எழும்பும், மீன் இருக்காது.

ஒரு காலத்தில் நார்வேயிலிருந்து மொராக்கோ வரைக்கும், மத்தியதரைக் கடலிலும் சாதாரணமாக இருந்த மீன் இது. கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவலைகள் வந்தன, கதை முடிந்தது. ஆபத்து வந்தால் ஓடாமல் படுத்துக் கிடப்பதுதான் இதன் பழக்கம். மற்ற எதிரிகளிடம் பலித்த அந்த வித்தை வலையிடம் பலிக்குமா? அதுவும் இதற்காகப் போட்ட வலைகூட இல்லை, வேறு மீனுக்குப் போட்டது. போதாக்குறைக்கு இது முட்டையிடாமல் குட்டி போடும் இனம். எட்டு முதல் பத்து மாதம் சுமந்து, ஒரு ஈற்றுக்கு 7 முதல் 25 குட்டிகள். இழந்ததை ஈடுகட்ட அது எந்த மூலைக்கு? வட கடலில் அற்றுப்போய்விட்டது. 2006-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 'மிக அருகிய இனம்' என்ற பட்டியலில் சேர்த்தது. மத்தியதரைக் கடலில் இதன் உறவுக்கார இனங்கள் இன்னும் இரண்டு உண்டு, அவற்றுக்கும் அதே நிலைமைதான்.

ஐரோப்பாவில் இதைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவரத் தடை இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. எந்த மீன் உள்ளே வரலாம் என்று வலைக்கு யார் சொல்வது? மேலே வந்தபின் திருப்பி விட்டாலும் அது பிழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கலிஃபோர்னியாவில் இதன் பசிபிக் இனத்தை எண்பதுகளில் வாரி வாரிப் பிடித்தார்கள். 1990-இல் மக்கள் வாக்களித்து, 1994 முதல் கரையோரத்தில் செவுள்வலையையே (மீன் செவுளில் சிக்கிக்கொள்ளும்படி தண்ணீரில் சுவர்போல நிறுத்தும் வலை) தடை செய்தார்கள். மீனைத் தடை செய்வதைவிட வலையைத் தடை செய்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. மீனவர்களுக்கு அது கஷ்டம்தான், மறுக்கவில்லை.

இப்போது இதை ஓரளவு நிச்சயமாகப் பார்க்க முடிகிற இடம், டெனெரீஃபும் சேர்ந்த ஸ்பெயினின் கேனரித் தீவுகள். அங்கே கடலடி இழுவலைக்கு அனுமதி இல்லை. வேடிக்கை என்னவென்றால், டெனெரீஃபில் குட்டிகள் அதிகம் வளரும் இடங்களில் ஒன்று லாஸ் தெரெசீத்தாஸ் என்ற குளிக்கும் கடற்கரை. சஹாராவிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டி, அலைத்தடுப்பு கட்டி மனிதர் உண்டாக்கிய கரை அது! ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள், காலடியில் சுறாக்குட்டி. மிதித்தால் சில சமயம் கடிக்கும், அவ்வளவுதான்.

கவிதா அங்கே குளிக்கப் போனால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்கச் சொல். கண்ணில் பட்டால் தொட வேண்டாம், படம் எடுத்தால் எனக்கு ஒன்று அனுப்பட்டும். அப்புறம், உன் கண் ஆபரேஷனுக்குத் தேதி சொன்னார்களா? அதை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதாமல் விட்டுவிடாதே.

அன்புடன்,
ராகவன்