கட்டடக்கலை படிக்கப் போகும் பெண்ணுக்காக

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மகள் கட்டடக்கலை படிப்பில் சேர்ந்தது அதைவிடச் சந்தோஷம். ‘எந்த நாட்டில் பார்த்தாலும் ஒரே கண்ணாடிப் பெட்டிதான், இதில் அவள் புதிதாக என்ன கற்றுக்கொள்ளப் போகிறாள்?’ என்று கேட்டிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவளை முதலில் பிரான்சிஸ் கெரேயைப் பற்றிப் படிக்கச் சொல். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில் காண்டோ என்ற கிராமத்துக்காரர், கட்டடக் கலைஞர். ஜெர்மனியில் படிக்கும்போதே சொந்த ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார், 2001-இல் முடிந்தது. மண்ணில் கட்டலாம் என்றதும் ஊரார் தயங்கினார்கள். மழைக்கு மழை கரையும் சுவர்களோடு வாழ்ந்தவர்கள், தயங்காமல் என்ன செய்வார்கள்? களிமண்ணில் கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அழுத்திய கற்களால் சுவர் எழுப்பினார். சாந்து இல்லாமல் அடுக்கிய கற்களே உட்கூரை. அதற்கு மேலே, கம்பிகளை வெல்டிங் செய்த சட்டங்களில் தகரக் கூரையை உயரத் தூக்கி நிறுத்தினார். வகுப்பறைச் சூடு கல் இடுக்கு வழியாக ஏறி, இரண்டு கூரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் காற்றோடு போய்விடும். கூரை சுவரைத் தாண்டி நீண்டிருப்பதால் மழையும் சுவரில் அடிக்காது. ஊர்ப் பெண்கள் மண் தரையை மணிக்கணக்காகத் தட்டித் தட்டி இறுக்கினார்கள். பிறகு கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். அடுத்துத் திட்டமிட்ட நூலகத்துக்குப் பெண்கள் வீட்டுப் பானைகளைக் கொண்டுவர, அவற்றை அறுத்துக் கூரையில் பதித்தார்கள், வெளிச்சமும் காற்றும் வர. 2022-இல் கெரேவுக்குக் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது எனக்கே கிடைத்த மாதிரி இருந்தது.

சீனாவில் வாங் ஷூ என்ற கட்டடக் கலைஞர் கட்டிய நிங்போ அருங்காட்சியகமும் (2008) அப்படித்தான். அந்தப் பகுதியில் இடிக்கப்பட்ட கிராமங்களின் செங்கற்களையும் கூரை ஓடுகளையும் சுவரில் அடுக்கினார்கள். புயலில் விழுந்த வீட்டின் கற்களை வைத்தே மறுபடி சுவர் எழுப்புவது அங்கே பழைய கொத்தனார் வழக்கம்.

அப்புறம், ஹசன் ஃபாத்தியையும் அவள் மறக்கக் கூடாது. எகிப்தில் 1940-களில் புதிய குர்னா என்ற ஊரையே மண் செங்கல்லில் கட்டியவர். தெற்கு எகிப்தின் நூபியக் கொத்தனார்கள் சென்டரிங் (தாங்கிப் பிடிக்கும் பலகைச் சட்டம்) அடிக்காமலேயே வளைவுக் கூரை போடுவார்கள். அந்தக் கைத்திறனைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். கட்டடங்கள் அவ்வளவு அழகு. ஆனால் குடியேற வேண்டியவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. பழைய குர்னாவில் பண்டைக் கல்லறைகளை ஒட்டித்தான் அவர்கள் பிழைப்பு. மண்ணும் வளைவும் மரபுதான், சரி; அங்கே வாழப்போகிறவர்களின் சம்மதம்? கண்ணாடிக் கட்டடத்தின் முகப்பில் ஒரு பழைய வளைவை ஒட்டிவிட்டுப் பாரம்பரியம் என்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். யார் கை வேலை செய்தது, யாரைக் கேட்டுக் கட்டினார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வரைபடம் போடப் பழகுவதோடு, கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார் பக்கத்தில் நின்று நாலு கேள்வி கேட்கவும் அவளுக்குச் சொல். விடுமுறையில் இங்கே அனுப்பு, என்னிடம் உள்ள புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள்ளட்டும். நீயும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
கண்ணன்