ஸ்பிட்டிக்குக் குழு அழைத்துச் செல்லும் தமிழக மலைநடை அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

சென்னை, கோவை, மதுரை என்று பல ஊர்களிலிருந்து கோடைதோறும் நீங்கள் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கு ஆட்களை அழைத்துச் செல்கிறீர்கள். மலையும் தெரிந்து, கல்லும் தெரிந்தவர்களாக உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். உங்கள் பயணத் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். மணாலி வழியாகப் போய் ஜீப்பில் லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்னும் மலையூர்கள் மூன்றையும் ஒரே பகலில் காட்டி இறக்கும் ஏழெட்டு நாள் திட்டத்தை விட்டுவிடுங்கள். ஆட்களின் உடம்பைக் கெடுப்பதும் அந்த மண்ணின் புதைபடிவங்களைக் காலி செய்வதும் அந்த ஒரே அவசரம்தான்.

முதலில் உடம்பு. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் அங்கிருந்து கிளம்பி, 4,500 மீட்டரைத் தாண்டிய குன்சும் கணவாயைக் கடந்து, அன்றிரவே 3,650 மீட்டரில் உள்ள, ஸ்பிட்டியின் தலைமை ஊரான காசாவில் படுக்க வைக்கிறீர்கள். தூங்கும் உயரம் ஒரே நாளில் 1,600 மீட்டர் கூடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளைக்கு 500 மீட்டர் கூட்டுவதே வரம்பு என்பதும், ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஓர் ஓய்வு இரவு வேண்டும் என்பதும் மலை மருத்துவத்தின் பாலபாடம். முதல் இரவே சந்திரதால் ஏரிக்கரையில் கூடாரம் போடுவது இதைவிட மோசம். அது 4,250 மீட்டருக்கு மேல். மறுநாள் 4,400 மீட்டர் உயர லாங்சாவில் நிற்பவருக்குக் கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் கிடைக்கும். அந்த நிலையில் யாரால் பாறையைப் பார்க்க முடியும்? இறங்கி, படம் எடுத்து, கையில் அகப்பட்ட கல்லைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்காருவார்கள்.

சிம்லா வழியாகப் போங்கள். சராஹனில் ஓர் இரவு, 2,900 மீட்டருக்குச் சற்று மேலுள்ள கல்பாவில் ஓர் இரவு. அடுத்த தங்கல் பலருக்கும் நாக்கோ. அது 3,600 மீட்டர்; கல்பாவிலிருந்து ஒரே தாவலில் போக ஏற்றதல்ல. நாக்கோவைப் பகலில் பார்த்துவிட்டு 3,280 மீட்டரில் உள்ள தாபோவுக்கு இறங்கி, அங்கே இரண்டு இரவு தங்குங்கள். பொது ஆண்டு 996இல் மண்ணால் எழுப்பப்பட்ட பௌத்த மடம் அங்கே இருக்கிறது. உள்சுவர் ஓவியங்களைப் பார்க்க ஒரு முழுப் பகல் தாராளமாக வேண்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. கைவிளக்கு மட்டும் கொண்டுபோங்கள்.

தாபோவிலிருந்து சிச்லிங் வரை வண்டியில் போய், அங்கே பிரியும் மேட்டுப் பாதையில் தங்கர் ஏறலாம். தங்கர் 3,890 மீட்டர். ஸ்பிட்டியின் பழைய தலைநகர். அரித்துக்கொண்டே போகும் மண் முகட்டின் மேல் மடமும் கோட்டையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உலகில் மிகவும் ஆபத்திலுள்ள 100 நினைவுச்சின்னங்கள் என்று உலக நினைவுச்சின்ன நிதியம் 2006ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட பட்டியலில் இதுவும் ஒன்று. பழைய மடத்தின் மாடியில் ஒரே சமயத்தில் பத்துப் பேரை ஏற்றாதீர்கள். இங்கும் இரண்டு இரவு. இடைப்பட்ட பகலில் மேலேயுள்ள ஏரிவரை ஏறி, இறங்கி, கீழே வந்து தூங்க வேண்டும்.

நடை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலான அமைப்பாளர்கள் லாங்சாவில் தொடங்கித் தங்கரில் முடிக்கிறார்கள். இறக்கம் அதிகம், கால் வலிக்காது என்பது காரணம். நுரையீரலுக்கு அது தலைகீழ். சமவெளியிலிருந்து வருபவரை நடையின் முதல் இரவே 4,400 மீட்டரில் படுக்க வைக்கிறது. தங்கரிலிருந்து லாலுங், டெமுல், கோமிக், லாங்சா என்று போனால் தூங்கும் உயரம் பெரும்பாலும் படிப்படியாக ஏறும். லாலுங் தங்கரைவிடச் சற்றே தாழ்வு. ஐந்து மணி நேர நடை. அங்கே சேர்காங் என்னும் பழைய கோயிலின் சுதை உருவங்களைத் தவறவிடாதீர்கள். மறுநாள்தான் கடினம்: லிங்டி ஆற்றுக்கு இறங்கி, எதிர்ப்பக்கம் டெமுல் வரை நெடிய ஏற்றம். டெமுல் சுமார் 4,300 மீட்டர் என்பதால் அங்கே இரண்டு இரவு கட்டாயம். டெமுலிலிருந்து கோமிக் ஏழெட்டு மணி நேர மேட்டு நடை. வழியில் நம்பத் தகுந்த தண்ணீர் குறைவு. ஆளுக்கு 3 லிட்டர் தூக்க வேண்டும். கால்நடைத் தடங்கள் பத்தாகப் பிரியும் இடம் அது. கைப்பேசி வரைபடத்தை நம்பாமல் டெமுல்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கோமிக்கில் ஓர் இரவு தங்கி, ஹிக்கிம் வழியாக லாங்சா வந்து அங்கே இரண்டு இரவு. ஓடைகளைக் காலையில் கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, மதியத்துக்குமேல் முழங்கால் நீர் இடுப்பளவாகும்.

சராஹனிலிருந்து லாங்சா வரை 12 இரவுகள் ஆகின்றன. காசாவில் ஓர் இரவு, பிறகு குன்சும் வழியாக மணாலி. உடம்பு பழகியபின் அந்தக் கணவாய் தொல்லை தராது. மேலும் இரண்டு நாளைக் கையிருப்பாக வையுங்கள். 2021 ஆகஸ்டில் சிம்லா வழியிலுள்ள கின்னௌர் மாவட்டத்தின் நிகுல்சாரியில் சாலைமேல் மலை சரிந்ததையும், 2023 ஜூலையில் சந்திரதாலில் சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டதையும் எல்லாரும் அறிவோம். விடுப்பு போதாது என்று ஆட்கள் சொன்னால் சராஹனை வெட்டுங்கள், லாங்சாவில் ஓர் இரவை வெட்டுங்கள். தங்கரின் இரண்டாம் இரவையும் டெமுலின் இரண்டாம் இரவையும் மட்டும் தொடாதீர்கள்.

தலைவலி வந்தால் பசி, வெயில், ஜீப் குலுக்கல் என்று குழுத் தலைவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். அந்த உயரத்தில் தலைவலி என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை மலைநோய் என்றே கொள்ள வேண்டும். மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். தினமும் மாலையில் ஒவ்வொருவரையும் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ஈரமான இருமல் வந்தாலோ நுரையீரலில் கோக்கிறது. இரண்டில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவரைக் கீழே இறக்கிக் கொண்டுபோக வேண்டும். இந்த ஐந்து ஊர்களுக்கும் வண்டிப் பாதை உண்டு என்பது பெரிய நிம்மதி. இரவில் வரச் சம்மதிக்கும் ஓட்டுநரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். அரசு மருத்துவமனை காசாவில் இருக்கிறது. அசிட்டசோலமைடு மாத்திரை மலைநோய்த் தடுப்புக்கு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கற்பூரம் முகர்வதால் பயன் இல்லை. கையடக்க ஆக்ஸிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை நம்பி இறங்காமல் இருப்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

இனி லாங்சா. ஊரைச் சுற்றி உதிர்ந்து கிடக்கும் கருநிறக் களிப்பாறைக்கு நிலவியலில் ஸ்பிட்டி ஷேல் என்று பெயர். சுமார் 16 முதல் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் இமயமலை எழும்முன் அங்கே இருந்த டெத்திஸ் கடலின் அடியில் படிந்த சேறு. அதற்குக் கீழே செங்குத்தாக நிற்பது கியோட்டோ சுண்ணாம்புப்பாறை, மேலே கியூமல் மணற்பாறை. முதல் நாள் மாலை இந்த மூன்று அடுக்கையும் தூரத்திலிருந்து அடையாளம் காட்டிவிட்டால், மறுநாள் சரிவில் நடப்பவர்களுக்குத் தாங்கள் எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்பது தெரியும்.

சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்களான அம்மோனைட்டுகள் இங்கே பெரும்பாலும் உருண்டைக் கற்களுக்குள் இருக்கும். இறந்த உயிர் சேற்றில் புதைந்தபின், அழுகும் சதையைச் சுற்றிக் கனிமங்கள் இறுகி உருண்டையாகின்றன. மேலே படிந்த சேறு பின்னர் அழுத்தியபோது உருண்டைக்குள் இருந்த ஓடு நசுங்காமல் தப்பியது. வெளியே கிடந்தது தகடாகிவிட்டது. முழுமையான சுருள் வேண்டும் என்று உருண்டைகளைப் போட்டு உடைப்பது இதனால்தான். பலவற்றுக்குள் எதுவும் இருக்காது. இருப்பதும் தவறான தளத்தில் பிளந்து சிதறும். குளிர்காலப் பனி சரிவைக் கொஞ்சம் அரித்து ஒவ்வோர் ஆண்டும் புதிய கற்களை வெளியே தள்ளுகிறது. வெளிவருவதைவிட வேகமாக நாம் பொறுக்குகிறோம்.

கல் போனால் என்ன போகிறது? அம்மோனைட் இனங்கள் விரைவாக மாறியவை. ஓர் இனம் இருக்கும் அடுக்கு ஒரு குறுகிய காலத்தைக் காட்டும். அடுக்கிலிருந்து பிரித்த கல் அழகாக இருக்கலாம், காலம் சொல்லாது. 1860களில் இங்கே வந்த நிலவியலாளர் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா எந்தப் பாறையில் எது கிடைத்தது என்று அடுக்கோடு சேர்த்துப் பதிவு செய்தார். அரியலூர், திருச்சி, புதுச்சேரிப் பகுதிகளின் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியத்தின் புதைபடிவங்களை அதே காலகட்டத்தில் விரிவாக விவரித்தவரும் அவர்தான். நம் ஊர்க் கல்லும் ஸ்பிட்டிக் கல்லும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தன. அந்தப் பதிவுகளை இன்றும் சரிபார்க்க முடிவது சரிவுகளில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதால்.

ஆகவே சுத்தியல் வேண்டாம். கல்லைக் கண்டால் பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து நெருக்கமாக ஒரு படம். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், அளவு தெரியும். இரண்டடி பின்வாங்கிச் சரிவோடு ஒரு படம், பின்னணி மலையோடு ஒரு படம். இடக்குறிப்பு பதிவாகிறதா என்று பாருங்கள். பிறகு எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் தெரிய, அதே குழியில் வைத்துவிடுங்கள். மழை பெய்தால் அன்று சரிவுப் பக்கம் போக வேண்டாம். அந்தக் களி வழுக்கும், மேலிருந்து கல் உருளும்.

சிறுவர்கள் கல்லை விற்க வருவார்கள். வாங்காதீர்கள். நூறு ரூபாய் கொடுத்தால், மறுநாள் இன்னொரு பிள்ளை சரிவைக் கிளறப் போகும். அந்தப் பணத்தை வீட்டுத் தங்கலுக்கும், மூட்டை சுமக்கும் கழுதைக்காரருக்கும், வழிகாட்டிக்கும் கூட்டிக் கொடுங்கள்.

குழுவில் வைணவப் பெரியவர்கள் இருந்தால், சக்கரம் தெரியும் அந்தக் கல்லைப் பூஜைக்கு எடுத்துப்போக விரும்புவார்கள். அவர்களிடம் மரியாதையோடு சொல்லுங்கள்: சாளக்கிராமமும் அம்மோனைட்தான், இதே களிப்பாறையின் நேபாளத் தொடர்ச்சியிலிருந்து கண்டகி ஆறு அரித்துக் கொண்டுவருவது. 108 திவ்யதேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் அங்கேதான் இருக்கிறது. மரபு மதிப்பது கண்டகிக் கல்லை. லாங்சாக் கல்லுக்கு அந்த இடம் இல்லை. பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

ஊர்களைப் பற்றி ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு முன்னதாகச் சொல்லியே ஆக வேண்டியது கழிப்பறை. வீடுகளில் உலர் கழிப்பறைதான் உண்டு. மாடியில் தரைத் துளை, கீழே உரக்குழி. பயன்படுத்தியபின் மண்ணோ சாம்பலோ ஒரு தட்டு தள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றினால் உரம் மக்காமல் நாறும், குளிரில் உறையும். அந்த உரம்தான் பார்லி, பட்டாணி வயல்களுக்குப் போகிறது. ஈரத் துடைதாள், நாப்கின், பிளாஸ்டிக் எதையும் துளைக்குள் போடக் கூடாது. கழுவியே பழகியவர்கள் சிறு குவளை அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும். குப்பையை மூட்டை கட்டிக் காசா வரை கொண்டு வாருங்கள். மிச்சச் சோற்றை வெளியே கொட்டினால் தெருநாய்கள் பெருகி ஆடுகளையும் காட்டு விலங்குகளையும் கடிக்கும்.

பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டாம். அங்கே தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் குடிக்கப் போதும். சோற்றுக்குத்தான் குக்கர் இல்லாமல் முடியாது. வீட்டுக்காரர் தரும் திம்முக் என்னும் ஆவியில் வெந்த ரொட்டியையும் துக்பா என்னும் நூடுல்ஸ் சூப்பையும் சாப்பிடச் சொல்லுங்கள். புளியோதரைப் பொட்டலம் சுமக்கத் தேவையில்லை.

குழுவைப் பன்னிரண்டு பேருக்குள் வையுங்கள். டெமுலில் விருந்தினரை முறைவைத்து வீடுவீடாகப் பிரித்து அனுப்புவார்கள். உங்களுக்குப் பிடித்த வீட்டையே கேட்டு அந்த முறையைக் குலைக்காதீர்கள். பட்டாணி அறுவடை நடக்கும் ஆகஸ்டு, செப்டம்பரில் வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள் என்பதால் வரும் தேதியைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஊருக்குச் சொல்லுங்கள். கல் எடுப்பதில்லை, விலைக்கு வாங்குவதில்லை என்னும் வரியைப் பதிவுப் படிவத்திலேயே சேர்த்து, முன்பணம் வாங்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். லாங்சாவில் நின்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
மலைநடையும் நிலவியலும் பயின்ற சிலர்