கம்ப்யூட்டர் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வயரைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் திருச்செங்கோடு பக்கம் ஹெவி மெஷின்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பாக்கறவன், 19 வருஷமா இதே பொழப்பு. ஜல்லி விலை, எம்சாண்ட் விலை ஏறுனா உங்க பேப்பர்ல நியூஸ் வருது, ஆனா அந்தக் கல்லை அள்ளற மெஷின் ஒரு வயர் கோளாறுக்காக வாரக்கணக்குல நிக்கறது யாருக்கும் நியூஸ் இல்ல. அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், இடம் இருந்தா போடுங்க.

போன மாசம் ஒரு குவாரியில இருந்து போன். 20 டன் எக்ஸ்கவேட்டர் (எந்தக் கம்பெனி மெஷினா இருந்தாலும் நம்ம ஊர்ல அதுக்குப் பேரு பொக்லைன் தான், கம்பெனி பேரு இங்க வேண்டாம்). காலையில ஸ்டார்ட் பண்ணா நல்லா ஓடுதாம், பதினோரு மணி வாக்குல சூடு ஏறினதும் மானிட்டர்ல கம்யூனிகேஷன் எரர்னு வருதாம், அப்புறம் டயலை எவ்வளவு திருப்புனாலும் ஆர்பிஎம் ஏற மாட்டேங்குது, பூம் தூக்கறதுக்குள்ள டிப்பர் டிரைவர் ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாம். சர்வீஸ்ல இருந்து வந்த தம்பி லேப்டாப்பை மாட்டிப் பாத்துட்டு, இன்ஜின் கண்ட்ரோலர் (இன்ஜினை ஆட்டி வெக்கற குட்டி கம்ப்யூட்டர்) பேசல, போர்டு போயிருச்சு, மாத்தணும்னு ரெண்டேகால் லட்சத்துக்கு கொட்டேஷன் குடுத்துட்டாரு, அதுவும் வர 20 நாள் ஆகுமாம். மெஷினுக்கு மாசமானா டியூ கட்டற ஓனர் அண்ணன் மூஞ்சியைப் பாக்க முடியல.

அந்தத் தம்பியைக் குறை சொல்லலைங்க. லேப்டாப் சொன்னதைத்தான் அவரும் சொன்னாரு. ஆனா 'பேசல'ன்னு லேப்டாப் சொன்னா பேசறவன் செத்துட்டான்னு அர்த்தமில்ல, நடுவுல லைன் அறுந்திருந்தாலும் பேச்சு கேக்காதுல்ல?

தெரியாதவங்களுக்காக சொல்றேன். முன்னெல்லாம் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனி வயர் ஓடும். இப்போ இன்ஜினுக்கு ஒரு கண்ட்ரோலர், பம்ப்புக்கு ஒண்ணு, மானிட்டர் ஒண்ணு, எல்லாம் முறுக்கி விட்ட ரெண்டே வயர்ல பேசிக்கும், அதுக்குப் பேரு கேன் பஸ். பாஷ் கம்பெனி 1986ல காருக்காக வெளிய கொண்டு வந்தது, லாரி, பொக்லைன் மாதிரி பெரிய வண்டிகள்ல அது மேலதான் ஜே1939ன்னு ஒரு பேச்சு முறை ஓடுது. ஊர்க்கூட்டத்துல ஒரே மைக்கை வெச்சு எல்லாரும் பேசற மாதிரி, ரெண்டு பேர் ஒரே நேரத்துல வாயைத் தொறந்தா முக்கியமான சேதி முதல்ல போகும், மத்தவன் பொறுத்திருப்பான். லைனோட ரெண்டு கடைசியிலயும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒண்ணொண்ணு இருக்கணும், அது இல்லைன்னா காலி கல்யாண மண்டபத்துல பேசற மாதிரி சிக்னல் திரும்பி எதிரொலிச்சு குழப்பிரும். ரெண்டு 120 பேரலல்ல இருக்கறதால பேட்டரியை ஆஃப் பண்ணிட்டு மீட்டர்ல பாத்தா 60 காட்டணும். 120 காட்டுனா எங்கயோ அறுந்திருக்கு, இல்ல ஒரு ரெசிஸ்டர் காணோம். ஜீரோ பக்கம் வந்தா ரெண்டு வயரும் ஒட்டிருச்சு. 40ன்னா எவனோ ஒரு ரெசிஸ்டரை எக்ஸ்ட்ரா சொருகி வெச்சிருக்கான் (பாத்திருக்கேன்).

நான் போனப்ப காலை எட்டு மணி, மெஷின் நல்லா இருந்துச்சு, லேப்டாப் மாட்டற 9 பின் சாக்கெட்ல அந்த ரெண்டு வயரும் வர்ற சி, டி ரெண்டு பின்லயும் மீட்டரை வெச்சேன், சுத்தமா 60. சரி ஓட்டுங்கன்னு சொல்லிட்டு மூணு மணி நேரம் வேப்பமரத்தடியில உக்காந்திருந்தேன். எரர் வந்ததும் ஆஃப் பண்ணி மறுபடி வெச்சா 120. அப்பவே பாதி வேலை முடிஞ்சுது. ஹெல்பர் பையனை கேபின்ல இருந்து இன்ஜின் வரைக்கும் ஹார்னஸை (வயரெல்லாம் சேத்துக் கட்டுன கட்டு) ஒவ்வொரு சாணா ஆட்டிக்கிட்டே வரச் சொல்லிட்டு நான் மீட்டரைப் பாத்துட்டே இருந்தேன், 120, 120, 120, கேபினுக்குப் பின்னாடி தகட்டு ஓட்டையில வயர் நுழையற இடத்துல அவன் கை பட்டதும் டக்னு 60. மேல டேப்பைப் பிரிச்சா மஞ்சள் வயர் பாக்க நல்லாத்தான் இருக்கு, தோல்ல ஒரு கீறல் இல்ல, ஆனா மடக்குனா உள்ள செம்பு அறுந்து துவண்டு போகுது. காலையில நுனியும் நுனியும் தொட்டுக்கிட்டிருக்கும், சூடானா விலகிரும். ஒரு சாண் வயர், வயரை நசுக்கி இணைக்கற கிரிம்ப் ரெண்டு, தகட்டு ஓட்டையில வயர் உரசாம இருக்க ஒரு ரப்பர் கிராமெட், என் கூலி 2,500. போர்டுக்கு ஒண்ணுமே ஆகலைங்க.

எல்லாமே இப்படித்தான்னு சொல்லல, நிஜமாவே போர்டு போறதும் உண்டு, அதுல பாதி நாமளே பண்றது. பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வெக்கும்போது பேட்டரி வயரைக் கழட்ட மாட்டாங்க, எர்த் கிளாம்பை எங்கயோ தூரத்துல டிராக்ல மாட்டிருவாங்க, கரண்ட் கண்ட்ரோலர் வழியா போயிரும். வாட்டர் சர்வீஸ் பண்றேன்னு பிரஷர் கன்னை நேரா கனெக்டர்ல அடிக்கறது இன்னொண்ணு, ரெண்டு மாசத்துல பின்னெல்லாம் பச்சை பூத்துரும். எலியைப் பத்தி தனியாவே ஒரு லெட்டர் எழுதலாம்.

இப்போ என் ஆதங்கத்துக்கு வரேன். வீல் வெச்ச மெஷின்களுக்கு 2021 ஏப்ரல்ல புகை ரூல் கடுமையாச்சு, 2025 ஜனவரியில அடுத்த ஸ்டேஜும் வந்துருச்சு. புகை குறையறது நல்லதுதான், ஆனா சென்சார், யூரியா டேங்க், கண்ட்ரோலர்னு அந்த ரெண்டு வயர்ல பேசற ஆளுங்க கூடிக்கிட்டே போறாங்க. சாப்ட்வேர் டீலர்கிட்ட மட்டும், பாஸ்வேர்டு அவங்ககிட்ட மட்டும், சரி போகட்டும், வயரிங் டயகிராம் கூடவா தரக்கூடாது? என்கிட்ட இருக்கறதெல்லாம் யாரோ செல்போன்ல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினது, மடிப்பு விழுந்த இடத்துல பின் நம்பர் தெரியாது. மானிட்டர்ல எஸ்பிஎன் 639ன்னு எரர் நம்பர் வந்தா அது நெட்வொர்க் கோளாறு, போர்டு கோளாறுன்னு முடிவு பண்ணிரக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

2022 ஜூலைல மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்கு ஒரு கமிட்டி போட்டாங்க, விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வண்டின்னு நாலு துறையைச் சொன்னாங்க, பொக்லைன் மாதிரி மெஷினைப் பேர் சொல்லிச் சேக்கல. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல விவசாய மெஷின்களுக்கு 2023லயே சட்டம் போட்டு, மேனுவலும் சாப்ட்வேரும் ஓனருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க. இங்க முதல்ல அந்த நாலோட அஞ்சாவதா எங்க மெஷினையும் சேருங்க. டயகிராமை மெஷின் விக்கும்போதே ஓனர் கையில குடுக்கச் சொல்லுங்க. ஐடிஐ டீசல் மெக்கானிக் பசங்களுக்கு ஒரு பழைய ஹார்னஸை டேபிள் மேல போட்டு, வாத்தியார் உள்ள ஒளிச்சு வெச்ச வயர் அறுப்பை மீட்டரை வெச்சு அவங்களே கண்டுபிடிக்க விடுங்க. என் ஹெல்பர் பையன் அதைக் கத்துக்க அரை நாள்தான் ஆச்சு, இப்போ என்னைக் கேக்காமலே சி, டி பின்ல மீட்டரை வெச்சுட்டுத்தான் எனக்கு போன் பண்றான்.

இப்படிக்கு,
ஹெவி மெஷின் எலக்ட்ரீசியன் ஒருத்தர்,
திருச்செங்கோடு.