வீட்டுத்தோட்டச் சங்கம், ஸ்காபரோ, கனடா: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கிற அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வரும். அங்கே கைகூப்பும் படம் போடுவது கூட்டத்துக்கு வந்ததாகாது.

பொங்கல் நிகழ்வு நடந்தது. விதைப் பரிமாற்றம் நடந்தது. கோடை ஒன்றுகூடல் மழையால் ஒரு கிழமை பிந்தியது. கத்தரிக்காய்ப் போட்டி முடிவு பற்றிய முறைப்பாட்டை நிர்வாகசபை பேசித் தீர்த்துவிட்டது.

இனி சைவ்ஸ் (chives), அதாவது வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த, புல்லுப் போல மெல்லிய இலை உள்ள செடி. இதை விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் "செயலாளர் எங்களுக்குப் புல்லு விக்கிறார்" என்று ஒரு கதை உலவுகிறது. விற்கவில்லை, சும்மா கொடுத்தது. எங்கள் ஆட்கள் குளிர் தொடங்க முதலே கறிவேப்பிலைச் சாடியை வீட்டுக்குள் தூக்கிவைத்து, இலை கொட்டக் கொட்ட வசந்தம் வரைக்கும் கவலைப்படுவார்கள். சைவ்ஸ் வெளியே ஸ்னோவுக்குள்ளேயே கிடக்கும். மேலே இலை செத்தாலும் அடிக்கிழங்கு சாகாது. ஏப்ரலில் பின்வளவில் முதலில் தலைகாட்டுகிற பச்சைகளில் அதுவும் ஒன்று. மிளகாய்க் கன்று நட மே மாதக் கடைசிப் பக்கம் வரும் விக்டோரியா டே விடுமுறை வரை காத்திருக்கவேண்டும், அதற்குள் இதை வெட்டிச் சாப்பிடத் தொடங்கிவிடலாம்.

நுனியைக் கிள்ளாதீர்கள். மண்ணுக்கு மேலே இரண்டு விரல் விட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், திரும்பத் துளிர்க்கும். மே கடைசியில், ஜூனில் ஊதாப் பூ வரும். அதையும் சாப்பிடலாம், விநாகிரியில் ஊறவைத்தால் நல்ல ரோஸ் நிறம். பூவை முற்றவிட்டால் விதை கொட்டிப் பக்கத்து வீட்டுப் புல்தரை வரைக்கும் போகும். அந்தப் பிணக்கும் ஒன்று என்னிடம்தான் வந்தது.

"தாளிச்சுப் பார்த்தம், ஒரு ருசியும் இல்லை" என்றவர்களுக்கு: தாளிக்கிற சாமான் அல்ல இது, சூட்டில் மணம் போய்விடும். முட்டைப்பொரியலில், மசித்த உருளைக்கிழங்கில், அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். பாணுக்குப் பூசும் பட்டரில் கலந்தாலும் சரி. காயவைக்காமல் நறுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். சீனக் கடையில் விற்கிற தட்டை இலை, வெள்ளைப் பூ, உள்ளி மணம் உள்ளது வேறு இனம். அதை வதக்கலாம், றொட்டிக்குள் வைக்க நல்லது. நாய், பூனை வைத்திருப்பவர்கள் கவனம், சைவ்ஸும் இந்தத் தட்டை இலையும் அவற்றுக்கு நஞ்சு.

மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதரைக் கிளப்பிப் பிரித்து நடவேண்டும். போன வசந்தத்தில் பிரித்த அன்று மண்வெட்டி பிடிக்க வந்தவர்களை ஒரு காரில் ஏற்றியிருக்கலாம். பங்கு கொடுத்த அன்று வீதியில் கார் நிறுத்த இடமில்லை. அப்படி வாங்கிப் போனவர்களில் பாதிப்பேர் இன்னும் சந்தா கட்டவில்லை. பெயர் சொல்லப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

வரவு செலவு பொருளாளரிடம் இருக்கிறது. சுருக்கமாக, கையிருப்பு கொஞ்சம் உண்டு, உரம் வாங்கிய ரசீது ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் தந்த குடும்பத்துக்கும், நிர்வாகசபைக்கும் நன்றி.

வருகிற ஏப்ரலில் என் வளவில் மிச்சப் புதர்களைப் பிரிப்போம். மண்வெட்டியோடு வருபவர்களுக்கு முதல் பங்கு. சந்தாப் பட்டியலும் அன்று என் கையில் இருக்கும். இந்தப் பதவியை வேறு யாராவது ஏற்க விரும்பினால் தாராளமாக விட்டுத்தருவேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.